மைனஸ் பதினெட்டு

பதினோரு வருடமாய்
துறைமுகத்தில் குளிர்பெட்டிகளின் அளவு குறிக்கிறேன்.
மணிக்கொருதரம், நோட்டில்:
மைனஸ் பதினெட்டு. மைனஸ் இருபது. மைனஸ் பதினெட்டு.
வியர்த்த கை பட்டு
அந்த எண்கள் கலங்கும்.

தை மாதம் உறைந்த ஆற்றின்மேல்
ஒன்பது நாள் நடக்கப் பணம் கட்டிவிட்டேன்.
சீட்டு எடுத்த காசு.
கம்மல் வாங்கேன்டீ என்றாள் அக்கா.

எம்.சி. ரோட்டில் கேட்டேன்:
உடம்போடு ஒட்டுகிற கம்பளி உள்சட்டை இருக்கா?
கடைப்பையன் என் நெற்றியைப் பார்த்தான்.
"காய்ச்சலாக்கா?
காட்டன் நைட்டி இருக்கு, மூணு எழுநூறு."
காட்டன் ஆகாது தம்பி.
அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்,
எங்கள் தெரு
என்றோ சொன்ன சொல்லைப் பிடித்து வைப்பதுபோல.

பர்மா பஜாரில் ஒரு ஜாக்கெட்.
வாத்து இறகு என்றார்கள்.
தையலோரம் ஒரு முனை நீட்டியிருந்தது.
இழுத்தேன், வந்தது, இறகுதான்.
பையில் யாருடையதோ டிராம் டிக்கெட்,
படிக்கத் தெரியாத எழுத்து.
அதை எடுக்கவில்லை.

பெரியமேட்டில் பூட்ஸ்.
என் அளவு ஆறு, எடுத்தது ஏழு.
இரண்டு காலுறைக்குள்ளும் விரல் ஆட வேண்டும்;
ரத்தம் ஓடாத இடத்தில்
எந்தக் கம்பளியும் கதைதான்.
செருப்புக்கே பழகிய கால்
அந்த இருட்டுக்குள் போக முரண்டு பிடித்தது.

கையுறை இரண்டு ஜோடி:
உள்ளே மெல்லியது, வெளியே விரல் பிரியாதது.
போட்டதும் ஜிப்பைப் பிடிக்க முடியவில்லை.
வலை பின்னும் நைலான் நரம்பை
ஜிப்புக்கு ஜிப் வளையமாய் முடிந்து தந்தான்
தேசப்பன்.
ஐந்தாம் வகுப்பில் என் பெஞ்சு,
இப்போது காசிமேட்டு மீன் குளிர்கிடங்கு.
"ராத்திரி ஷிப்டுக்கு வா.
ரூம்ல நின்னு பாரு."

ஐப்பசிப் புழுக்கம்.
வருவேன் வருவேன் என்று
மழை போக்குக் காட்டிய ராத்திரி.
கிடங்கு வாசலிலேயே எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டேன்:
மூன்று அடுக்கு, குல்லா, கண் மட்டும் பாக்கி.
ஏலத்துக்குக் கூடையோடு காத்திருந்தவர்கள்
"இன்னாம்மா, நிலாவுக்கா?"
தேசப்பன் சாவி தேடினான்.
ஐந்து நிமிடம் தேடினான்.
கதவு.

முதலில் ஒன்றுமில்லை.
மூக்கு மயிர் கம்பியானது, அவ்வளவுதான்.
வஞ்சிரம் விறகுக்கட்டைபோல் அடுக்கியிருந்தது.
சிரித்தேன்.
சிரிப்பு வெள்ளையாய் வந்தது.
பிறகு

முதுகில் ஒரு கை.

யாருமில்லை.
சாவி தேடிய ஐந்து நிமிடத்தில்
உள்ளே ஊறிய வியர்வை
இப்போது பேரைச் சொல்லிக் கூப்பிட்டது.
வெளிக்குளிர் என்னைத் தொடவே இல்லை.
நான் கடத்தி வந்த மெட்ராஸ்தான்
தண்டுவடம் வழியே உறைந்து இறங்கியது.

தேசப்பனைப் பார்த்தேன்.
நைந்த ஸ்வெட்டர், ரப்பர் பூட்ஸ்,
தோளில் கிடந்த கோட்டை
கதவு மூடிய பிறகுதான் மாட்டினான்.
ஏன்டா சொல்லலை?
"நீ கேக்கலியே."

பதினாறாம் நிமிடம் கதவைத் தட்டினேன்.
வெளியே மூக்குக்கண்ணாடி பூத்துப்போய்
ஊரே காணாமல் போனது.
யாரோ கையில் டீயைத் திணித்தார்கள்,
கையுறையோடு பிடித்ததில்
பாதி ஜாக்கெட்டுக்கு.

வாங்கிய எதையும் பட்டியலில் அடிக்கவில்லை.
இரண்டு வரி சேர்த்தேன்:
காய்ந்த உள்சட்டை இன்னொன்று, படுக்க மட்டும்.
வியர்க்கும் முன் கழற்று.
இரண்டாவதைத்
துறைமுகத்தில் யாரிடம் சொல்ல?

மறுநாள் பதினொரு மணி, மூன்றாம் வரிசை.
மைனஸ் பதினெட்டு என்று எழுதப்போய்
பேனாவை நிறுத்தினேன்.
இத்தனை வருடத்தில் முதல்முறையாக
பெட்டியின் கதவில் உள்ளங்கையை வைத்தேன்.

வெயிலில்
தோசைக்கல்லாய்ச் சுட்டது.